பிள்ளையைப் பிரிக்கும் தீர்ப்பும் பிழை திருத்தும் உரிமையும்

சட்டத்தை ஒரு நீதிபதி பிழையாக விளங்கிக்கொண்டால் அதனை எடுத்துக்காட்டச் சட்டநூல் இருக்கிறது. திருத்துவதற்கு மேல்மன்று இருக்கிறது. ஆனால், "இன்னது நடந்தது, இன்னது நடக்கவில்லை" என்று அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அம்முடிவு பெரும்பாலும் கல்லில் வெட்டிய எழுத்தாகவே நின்றுவிடுகின்றது. காணி வழக்கில் இதனாற் போவது மண். கடன் வழக்கிற் போவது பணம். இரண்டையும் மீளத் தேடிக்கொள்ளலாம். ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வேறொருவரிடமோ விடுதியிலோ ஒப்படைக்கும் வழக்கிற் போவது யாது? அந்தக் குழந்தையின் இளமைக் காலம். அதனை எந்த மேல்மன்றும் திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

தலைமன்னார் முதல் முசலி வரையுள்ள எம் மக்கள் இதுகாறும் காணி பற்றிப் பேசினார்கள். கடல் பற்றிப் பேசினார்கள். காணாமற்போனோர் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை பற்றிய வழக்குகளோ மூடிய கதவுக்குள்ளே நடப்பவை. சிறுவரின் நலங்கருதி அவ்வாறு மூடியிருத்தல் முறையே. எனினும் மூடிய கதவுக்குள் நேரும் பிழையும் மூடியபடியே கிடக்கும் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆதலின் இன்ன குடும்பம், இன்ன வழக்கு என்று சுட்டாது, பொது முறையைப் பற்றி மட்டும் இவ்விடத்தில் எழுதுகின்றோம்.

2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளின்போது கல்முனை வைத்தியசாலையில் எண்பத்தோராவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்குழந்தையைத் தம்முடையதென்று தாய்மார் பலர் உரிமை கோரியதாக உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. வழக்கு கல்முனை நீதவான் முன் வந்தது. கண்ணீரைக் கண்டு இரங்கியோ, கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சியோ அவர் தீர்க்கவில்லை. மரபணுச் சோதனைக்குக் கட்டளையிட்டார். 2005 பெப்ரவரி 14ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. இரண்டு நாளிற் குழந்தை பெற்றோர் கையிற் சேர்ந்தது. பெற்றவர்களுக்கோ அந்த ஏழு வாரமும் ஏழு யுகம். ஆயினும் அது நல்ல தீர்ப்பு. ஏனெனின் அது ஐயத்திற்கு இடமற்ற சான்றின்மேல் நின்றது.

ஆனால், யார் பெற்றார் என்பதைச் சோதனைக்கூடம் சொல்லும். யார் வளர்க்கத் தகுந்தவர் என்பதை எந்தச் சோதனைக்கூடமும் சொல்லாது. தாய் பிள்ளையைக் கவனியாது விட்டாளா, தகப்பன் அடித்தானா, பாட்டி பள்ளிக்கு அனுப்பினாளா, பிள்ளையின் உடம்பிலுள்ள தழும்பு விழுந்ததனால் வந்ததா, அடித்ததனால் வந்ததா? இவற்றுக்கெல்லாம் சாட்சியங் கேட்டு, அறிக்கை பார்த்து, மனிதர் ஒருவர் மனிதரைப் பற்றி முடிவு செய்யவேண்டியிருக்கிறது. மனிதர் செய்யும் முடிவிற் பிழை வரும். வரும் பிழையைத் திருத்த வழி உண்டா என்பதே கேள்வி.

இந்நாட்டில் இதற்கு அடிப்படையாயுள்ளது 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் தம் நாட்டில் 1933இல் இயற்றிய சட்டத்தை அடியொற்றி வந்தது. பராமரிப்போ பாதுகாப்போ வேண்டிய நிலையில் ஒரு பிள்ளை இருப்பதாக மன்று கண்டால், அப்பிள்ளையை அங்கீகரிக்கப்பட்ட பாடசாலைக்கு அனுப்பலாம். உறவினராயினும் பிறராயினும் தகுந்த ஓர் ஆளிடம் ஒப்படைக்கலாம். பெற்றோரிடம் பிணை வாங்கலாம். மூன்றாண்டுக்கு மேற்படாது நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம். தனியான சிறுவர் நீதிமன்று இல்லாத மாவட்டங்களில், களவு வழக்கும் கசிப்பு வழக்கும் விசாரித்த அதே நீதவான், அதே நாளில் இதனையும் விசாரிக்கிறார். பெற்றோர் தமக்குள் பிணங்கிப் பிள்ளையைக் கோரும் வழக்கு மாவட்ட நீதிமன்றுக்குரியது. மகவேற்போ 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்பாற்படும்.

இம்மன்றுகளின் முடிவிலிருந்து அப்பீல் செய்ய உரிமை இல்லாமலில்லை. நீதவானின் கட்டளையிலிருந்து மாகாண மேல் நீதிமன்றுக்குப் போகலாம். மாவட்ட நீதிமன்றின் தீர்ப்பிலிருந்து, 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், மாகாணத்திலேயே குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றுக்குப் போகலாம்; அதற்கு மேல், அனுமதி பெற்று உச்ச நீதிமன்று. ஆனால் வாசலில் ஒரு காவல் நிற்கிறது. சாட்சியை நேரிற் கண்டவர், அவர் குரலைக் கேட்டவர் முதல் நீதிபதியே. ஆதலின் அவர் கண்ட உண்மையை, ஏட்டை மட்டும் பார்க்கும் மேல்மன்று எளிதிற் கலைக்கலாகாது என்பதே அக்காவல். இலங்கையிலிருந்து சென்ற ஓர் அப்பீலில் 1918ஆம் ஆண்டு பிரிவிக் கவுன்சில் என்னும் கோமறைக் கழகம் இதனை வற்புறுத்திற்று. பின்வந்த எம் நீதிபதிகளும் அவ்வழியே சென்றனர். 1993இலும் உச்ச நீதிமன்று இதனை உறுதி செய்தது.

இக்கொள்கை பிழையென்று நாம் சொல்லவரவில்லை. சாட்சிக் கூட்டில் நின்றவனின் தடுமாற்றத்தையும் தயக்கத்தையும் தட்டச்சுத் தாள் காட்டாது. தோற்றவரெல்லாம் மேல்மன்றில் வழக்கை முதலிலிருந்து தொடங்கலாமென்றால் வழக்குக்கு முடிவேது? அன்றியும், பிள்ளையைத் துன்புறுத்திய ஒருவன் அப்பீல் மேல் அப்பீல் செய்து காலங்கடத்த இடமளிப்பதும் ஆகாது.

ஆனால் இக்கொள்கைக்கு ஓர் எல்லை உண்டு. அதனை எம் மன்றுகளே வகுத்திருக்கின்றன. 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்று ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கியது. சாட்சியை நேரிற் கண்டு நம்பியதனால் வந்த முடிவு ஒன்று. ஒப்புக்கொள்ளப்பட்ட நிகழ்ச்சிகளிலிருந்து ஊகித்துப் பெற்ற முடிவு வேறொன்று. முன்னதிற் கைவைக்க மேல்மன்று தயங்கவேண்டும். பின்னதில், கீழ்மன்றைப்போலவே மேல்மன்றும் தீர்மானிக்க வல்லது. முன்னதிலுங்கூட, நேரிற் கண்ட வாய்ப்பை நீதிபதி சரிவரப் பயன்படுத்தவில்லையென்று தெரிந்தால் தலையிடலாம்.

சிறுவர் வழக்குகளில் இவ்வேறுபாடு உயிர்நிலையானது. ஏனெனின், இவ்வழக்குகளில் மன்றின் முடிவு பெரும்பாலும் எதன்மேல் எழுகிறது? சாட்சிக் கூட்டிலே கேட்ட வாக்குமூலத்தின்மேல் அன்று, அறிக்கைகளின்மேல். நன்னடத்தை உத்தியோகத்தர் எழுதிய அறிக்கை, வைத்தியர் எழுதிய அறிக்கை, கிராம அலுவலரின் கடிதம், பாடசாலை அதிபரின் குறிப்பு. எழுதியவர் பலவேளை மன்றுக்கு வருவதுமில்லை. வந்தாலும் குறுக்கு விசாரணை செய்யப் பெற்றோர் பக்கத்திற் சட்டத்தரணி இருப்பதுமில்லை. காகிதத்தைப் பார்த்துக் கண்ட உண்மைக்கு, கண்ணாற் பார்த்துக் கண்ட உண்மைக்குரிய மதிப்பைக் கொடுப்பது எப்படி நியாயமாகும்? அதே காகிதம் மேல்மன்றின் மேசைமேலும் இருக்கிறதே! கீழ் நீதிபதி படித்ததற்கு மேலாக அதில் எதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இத்தகைய இடங்களில் "கீழ்மன்று கண்ட உண்மை" என்று கைகட்டி நிற்பது, அடக்கம் என்ற பெயரிற் கடமையைக் கைவிடுவதேயாகும்.

மன்னாரை நினைத்து இதனைப் பார்ப்போம். எம் கரையோரக் குடும்பங்கள் பல ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் இருப்பவையல்ல. பருவத்துக்குப் பருவம் வாடி அமைத்து, தொழில் உள்ள கரைக்குப் போய்த் திரும்புவது தலைமுறை தலைமுறையாய் வந்த சீவியம். வாடியிலே பிள்ளை வளரும்; பள்ளிக்கு இடையிடையே முறிவு வரும். இதனை அறியாத ஒருவர் "நிலையான வதிவிடம் இல்லை, ஒழுங்கான கல்வி இல்லை" என்று எழுதினால் அது பொய்யன்று. ஆனால் அது உண்மையுமன்று. முள்ளிக்குளத்து மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2007ஆம் ஆண்டு தம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஊர் கடற்படை முகாமாயிற்று. மலங்காட்டிலும் காயாக்குழியிலும் தகரத்தின் கீழும் ஓலையின் கீழும் ஆண்டுக்கணக்காய் இருந்தார்கள். நிலத்திற் சிறு பகுதியை விடுவிக்க இணங்கியதே 2017இல். அத்தகைய கொட்டிலொன்றைப் பார்த்து "பிள்ளை வளரத் தகுந்த இருப்பிடம் அன்று" என ஓர் உத்தியோகத்தர் எழுதுவாராயின், அந்நிலையை உண்டாக்கியவர் யார் என்று எந்த மன்று கேட்கும்? வறுமை வேறு, கவனியாமை வேறு. முன்னதைப் பின்னதாக எழுதிவிடுதல் பேனாவுக்கு எளிது.

போரிற் கணவனை இழந்தவளும், கணவன் இறந்தானா இருக்கிறானா என்றறியாதவளும் எம் மாவட்டத்தில் உண்டு. பிள்ளையைத் தாயாரிடம் ஒப்படைத்து மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவள் உண்டு. அவள் சாட்சிக் கூட்டில் ஏறி, "பிள்ளையை அம்மாவோட விட்டிட்டுப் போனனான்" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எம் ஊரில் இதைக் கேட்கும் எவருக்கும் பொருள் தெளிவு. நம்பிய கையில் ஒப்படைத்தேன் என்பதே பொருள். இதே சொல் மொழிபெயர்க்கப்படும்போது "பிள்ளையைக் கைவிட்டுச் சென்றாள்" என்றாகிவிட்டால்? ஒரு வினைச்சொல்லில் ஒரு குடும்பம் கவிழ்ந்துவிடும்.

இது கற்பனையான அச்சமன்று. 1961ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்றங்களின் மொழியாக்கியபோது, அவ்வாண்டு மாசியிலே கச்சேரி வாசல்களில் எம் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தமைக்கு அச்சட்டமும் ஒரு காரணம். 1988இன் பதினாறாம் திருத்தத்தின் பின் வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ், ஏடும் தமிழ். முதல் அப்பீல் மாகாணத்துக்குள்ளே நிற்குமளவும் தொல்லை குறைவு. கொழும்புக்குப் போகும்போது, மேல்மன்றின் மொழி வேறாயின் அம்மொழியிலும் ஏடு தயாரிக்கப்படவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. எழுத்தில் இது நீதி. நடைமுறையிலோ, மொழிபெயர்ப்பாளர் தட்டுப்பாடு எந்த நீதிமன்றப் பதிவாளரும் அறிந்த செய்தி. மொழிபெயர்ப்புக்காக வழக்கு காத்திருக்கும். காத்திருந்து வந்த பெயர்ப்பு சரியா என்று ஒத்துப்பார்ப்பாரும் அரியர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்துவரும் முஸ்லிம் சகோதரர்களின் நிலை இன்னும் இடர். அங்கே முதல் மன்றின் மொழியே சிங்களம். மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. ஆயினும், நீதிபதி கேட்பது தாயின் குரலையன்று, மொழிபெயர்ப்பாளரின் குரலை. நேரிற் கண்டு கேட்டவர் என்ற பெருமை அவ்விடத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது?

பார்வையைப் பற்றியும் ஒரு சொல். அதிகாரியின் முகத்தை நேரே நோக்காது தலைகுனிந்து நிற்பது எம் பெண்கள் மரியாதையாகக் கற்ற பழக்கம். "தெரியாது ஐயா" என்பது சில வேளை அச்சம். சில வேளை அடக்கம். அதனை ஒளிப்பென்று எடுத்துக்கொண்ட நீதிபதி, சாட்சியைக் கண்டார்தான். ஆனால் கண்டது பிழை. இலண்டனிலும் ஒஸ்லோவிலும் வாழும் எம்மவர் சிறுவர் நலத் திணைக்களங்களின் முன் நிற்கும்போதும் இதுவே நேரக்கூடும். அங்கே மொழியோடு வழக்கமும் பெயர்க்கப்படவேண்டியிருக்கிறது.

அந்நாடுகளில் இக்கேள்வி பற்றி நடந்தவற்றையும் நாம் அறிந்துகொள்ளல் நன்று. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்று 2013இல் ஒரு குழந்தையின் பராமரிப்பு வழக்கிலே, முதல் நீதிபதியின் முடிவு பிழையா என்று பார்ப்பதே அப்பீல் மன்றின் வேலை, தானே புதிதாகத் தீர்மானிப்பதன்று எனப் பெரும்பான்மையாற் தீர்த்தது. நீதியரசர் பிரெண்டா ஹேல் அம்மையார் அதற்கு இணங்கவில்லை. பிள்ளையை நிரந்தரமாகப் பிரிப்பது அவ்வளவு பெரிய செயலாதலின், அது தேவைக்கு மிஞ்சியதா என்பதை மேல்மன்று தானே ஆராயவேண்டும் என்பது அவர் கருத்து. எமக்கு அம்மையார் சொல்வதே நியாயமாகத் தோன்றுகிறது. நோர்வேயில் ஒரு தாயிடமிருந்து எடுத்து வளர்ப்புப் பெற்றோருக்கு மகவாகக் கொடுக்கப்பட்ட பிள்ளை பற்றிய வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை மன்றின் பேராயம் 2019 செப்தெம்பரில், குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டதெனத் தீர்த்தது. புதிய நிபுணர் அறிக்கை பெறாது, பழைய சான்றுகளைக் கொண்டு தாயின் தகுதியை அளந்தமையும் அம்மன்று கண்ட குறைகளுள் ஒன்று. தாய் வென்றாள். ஆனால் அவ்வெற்றி வந்தபோது பிள்ளைக்கு வயது பத்துக்கு மேல். மகவேற்பு முடிந்து பல ஆண்டுகள்.

இங்கேதான் எல்லாவற்றினும் கொடிய முடிச்சு இருக்கிறது. பிள்ளையின் நலனே தலையாயது என்பது இன்றைய சட்டம். 1956இல் எம் உச்ச நீதிமன்று தகப்பனின் உரிமையை முன்வைத்துப் பேசிற்று. பின்வந்த தீர்ப்புகள் படிப்படியாகப் பிள்ளையின் நலனுக்கு முதலிடம் கொடுத்தன. நல்லது. ஆனால் பிழையான உண்மை காணப்பட்டு, பிள்ளை பிரிக்கப்பட்டு, அப்பீல் மூன்றாண்டு நான்காண்டு இழுபட்டபின், "பிழை நடந்தது மெய்தான், எனினும் பிள்ளை இப்போது அங்கே பழகிவிட்டது, மீண்டும் பிடுங்கி நடுவது நலனன்று" என்று சொன்னால், அதற்கு எவர் மறுமொழி சொல்லமுடியும்? அந்நிலையில் அதுவே சரியான முடிவாகவும் இருக்கலாம். அதாவது, தாமதமே தீர்ப்பாகிவிடுகிறது. இரண்டு வயதில் எடுத்த பிள்ளை ஆறு வயதில் தாயைப் பார்த்து யார் என்று கேட்கும். காணி அப்பீல் நடக்கும் வேகத்தில் பிள்ளை அப்பீல் நடக்குமாயின் அப்பீல் உரிமை இருந்தென்ன, இல்லாதென்ன?

எம் முன்னோர் இக்காரியத்தை எவ்வாறு நோக்கினர்? 1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலே, மனைவி இறந்தபின் கணவன் மறுமணஞ் செய்ய விரும்பினால், பிள்ளைகளை மாமியாரோ அடுத்த உறவினரோ எடுத்து வளர்ப்பது வழக்கமென்றும், இறந்தவளின் சீதனம் முழுவதையும் தேடிய தேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளோடு கொடுக்கவேண்டுமென்றும் காணப்படுகிறது. பிள்ளையும் சொத்தும் ஒன்றாகப் போகும், இனத்துக்குள்ளே போகும். பாட்டி வீடு என்பது எம்மவர்க்குப் "பிறர் வீடு" அன்று. 1939இன் கட்டளைச் சட்டம் கூறும் "தகுந்த ஆள்" உறவினராயிருக்கலாமென்று அச்சட்டமே சொல்லியிருக்க, விடுதியை முதலிலும் பேத்தியை வளர்த்த கிழவியைக் கடைசியிலும் வைத்து எண்ணும் அறிக்கைகள் எந்தச் சட்டத்தைப் பின்பற்றுகின்றனவோ, நாம் அறியோம்.

செய்யவேண்டியவை அரியனவல்ல. பிள்ளையைப் பிரிக்கும் ஒவ்வொரு கட்டளையிலும், எந்தச் சாட்சியத்தை நம்பினேன், எதனை நம்பவில்லை, ஏன் என்று நீதிபதி எழுதவேண்டும். காரணம் எழுதாத முடிவை மேல்மன்று மதித்து நிற்கத் தேவையில்லை. நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை விசாரணைக்கு முன்னரே பெற்றோர் கையில், அவர்கள் படிக்கும் மொழியில், கிடைக்கவேண்டும். எழுதியவர் மன்றில் நின்று கேள்விக்கு மறுமொழி சொல்லவேண்டும். சாட்சியங்கள் ஒலிப்பதிவு செய்யப்படவேண்டும். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவு செய்யும் கருவி கிடக்கும் காலத்தில் இது பெருஞ் செலவன்று. தாய் சொன்ன சொல் எதுவென்ற ஐயம் எழும்போது மேல்மன்று அவள் குரலையே கேட்கலாம். சிறுவர் அப்பீலுக்கு மாதக்கணக்கில் ஒரு வரையறை வேண்டும். அது முடியும்வரை மகவேற்புக் கட்டளை எதுவும் பிறத்தல் ஆகாது. இவ்வளவுக்கும் நடுவே, ஆபத்திலிருக்கும் பிள்ளையை உடனே பாதுகாப்பதற்குத் தடை எதுவுமில்லை. இடைக்காலப் பாதுகாப்பு வேறு, நிரந்தரப் பிரிவு வேறு. 1991இல் இந்நாடு ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையும், பிரிக்கும் முடிவு நீதி மீளாய்வுக்கு உட்படவேண்டுமென்றும் உரியவர் எல்லோருக்கும் தம் கருத்தைச் சொல்ல வாய்ப்பு வேண்டுமென்றுமே சொல்கிறது.

நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குப் பகிரப்பட்ட அதிகாரங்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், இத்திணைக்களத்தின் குறைகளை மக்கள் பிரதிநிதிகள் எழுந்து கேட்க மாகாணத்தில் மன்றமில்லாது ஆண்டுகள் கழிந்தன. அதிகாரப் பகிர்வு என்னும்போது காணியும் காவல்துறையும் மட்டுமே எம் தலைவர்களின் வாயில் வருகின்றன. ஒரு குடிசைக்குள் நுழைந்து பிள்ளையை எடுத்துச் செல்ல வல்ல அதிகாரம் இவற்றுக்கு எவ்வகையிற் குறைந்தது? மன்னார்த் தொகுதியில் வாக்குக் கேட்டு வருவோர் இதற்கும் மறுமொழி சொல்லட்டும்.

வழக்கிலே நிற்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறோம். மாவட்ட நீதிமன்றின் தீர்ப்பிலிருந்து அப்பீல் அறிவித்தல் கொடுக்கப் பதினான்கு நாள். அப்பீல் மனுவுக்கு அறுபது நாள். இரண்டும் தீர்ப்பு நாளிலிருந்தே எண்ணப்படும். முன்னதில் மட்டும் ஞாயிறும் பொது விடுமுறையும் விலக்கு. நீதவான் மன்றின் கட்டளைக்கும் காலவரை உண்டு, அதுவும் நீண்டதன்று. அழுது தீர்ப்பதற்குள் பதினான்கு நாள் போய்விடும். ஆதலின் தீர்ப்புச் சொன்ன அன்றே பதிவாளரிடம் சென்று ஏட்டின் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். காசில்லையாயின் 1978இன் சட்டப்படி நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். அறிக்கையிலே பிழையாக எழுதப்பட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதனை மறுக்கும் ஆளின் பெயரையோ கடிதத்தையோ குறித்துக்கொண்டு போங்கள்: பள்ளி வரவுப் பதிவு, கிளினிக் அட்டை, வாடிக்குப் போன மாதங்கள், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டியின் பெயர்.